பஞ்சமிக்குத் திரும்பிய கப்பல்

அத்தியாயம் 9

ஆத்திரம் என்றால் சும்மா ஆத்திரமில்லை. பல்லைக் கடித்துக் கடித்தே அன்னலட்சுமிக்குத் தாடை வலித்தது. அவளுடைய தங்கச்சியின் புருஷன் இன்னும் சற்று நேரத்தில் கப்பலில் இருந்து இறங்கி வரப்போகிறான், அதுவும் உல்லாசப் பயணத்துக்கு!

திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு எதிரே, வாகை மர நிழலில் ஸஹாப்தீனின் ஓட்டோ நின்றது. பின் சீட்டில் அன்னலட்சுமி. பக்கத்தில் துப்பறிவாளர் பூரணி. முன்னொரு காலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் பூரணி. ஊரார் கதையெல்லாம் காதில் வாங்கி வாங்கி, எது மெய், எது புளுகு என்று குரலை வைத்தே சொல்லப் பழகியவள். எக்ஸ்சேஞ்ச் வேலை போனதும் அந்தக் காதை வைத்தே பிழைக்கத் தொடங்கிவிட்டாள். ஓட்டோக்காரன் ஸஹாப்தீன் கிண்ணியாப் பொடியன். அவளுக்குச் சாரதி, உதவியாள், வாயாடி எல்லாம் அவன்தான்.

குடாவின் நடுவே வெள்ளை வெளேரென்று நங்கூரமிட்டு நின்றது 'ஒலிவியா மாரிஸ்'. சமாதான ஒப்பந்தம் எழுதி வெடிச்சத்தம் ஓய்ந்திருந்த காலம் அது. காவலரண்கள் இன்னும் அகற்றப்படவில்லை, மணல்மூட்டைக்குப் பின்னால் துவக்கும் ஆளும் அப்படியேதான் இருந்தார்கள். ஆனாலும் உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன.

போன மாசியில் இதே கப்பலில்தான் கனடாவிலிருந்த தங்கச்சி இராசமலர், புருஷன் தவபாலனோடு வந்தாள். "அக்கா, நண்டு வாங்கி வையுங்கோ, சாம்பல்தீவுக்கு ஓடி வாறன்" என்று டெலிபோனில் துள்ளிக் குதித்தாள். அன்னலட்சுமி நண்டு சமைத்து வைத்துவிட்டுப் படலையடியில் நின்றாள், நின்றாள், பொழுதுபடும்வரை நின்றாள். வரவேயில்லை. பிறகு தவபாலன் டெலிபோன் எடுத்தான். கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்தார்களாம், மலருக்குத் தலையிடியாம், கப்பலுக்குத் திரும்பிவிட்டார்களாம். அன்று நடுச்சாமம், நடுக்கடலில், மேல்தட்டிலிருந்து மலர் தவறி விழுந்துவிட்டாளாம்! உடம்பு கிடைக்கவில்லை. எல்லாரும் அனுதாபம் சொன்னார்கள், அத்தோடு கதை முடிந்தது.

அன்னலட்சுமிக்கு மட்டும் முடியவில்லை. அவன் கை நீட்டுகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். மலர் டெலிபோனில் அழுததெல்லாம் அவள் காதுக்குள்தான் இருந்தது.

"வாறார் மாப்பிள்ளை!" என்றான் ஸஹாப்தீன்.

படகிலிருந்து இறங்கியவர்களுக்கு நடுவில் பூப்போட்ட சட்டையோடு தவபாலன் வந்தான். நெஞ்சில் ஒரு நீலக் குஞ்சம். 'திரும்பி வந்த விருந்தாளி' என்று கப்பல்காரர் ஆசையாகக் குத்திவிடுவதாம்.

"குர்பானுக்கு அறுக்க முதல் மாட்டுக்குக் கட்டுற குஞ்சம் மாதிரிக் கிடக்கு."

"ஸஹாப்தீன், வாயைக் குறை. கையிலை என்ன வைச்சிருக்கிறான்?"

"டோக்கன், மெடம். கப்பலை விட்டு இறங்கக்குள்ள ஆளுக்கு ஒண்டு குடுப்பாங்க, திரும்பி ஏறக்குள்ள படகடிப் பெட்டிக்குள்ள போடணும். எல்லா டோக்கனும் வந்தாத்தான் நங்கூரம் எழும்பும்."

"ஆளின்ரை முகத்தைப் பாக்கிறேல்லையோ?"

"அவங்களுக்கு எங்கட முகமெல்லாம் ஒரே முகம்தானே. டோக்கன் சரியெண்டா ஊரே சரி."

பூரணி கால் பெருவிரலால் ஓட்டோவின் தகரத்தைத் தட்டத் தொடங்கினாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டால் அப்படித்தான்.

தவபாலன் ஒரு வாடகை வானில் ஏறினான். வான் அனுராதபுரச் சந்திப் பக்கம் திரும்பியது. எங்கே போகிறான் என்பது தெரிந்த சங்கதி. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு. ஓட்டோ பின்னால் போனது.

"மெடம், எனக்கு ஒண்டு விளங்கல்ல. பொண்டாட்டி விழுந்த கப்பலில திரும்பவும் ஏறுற அளவுக்கு அந்த மனுசனுக்கு என்ன ஆசை?"

"மலருக்குப் பிடிச்ச கப்பலாம்," என்று அன்னலட்சுமி காறித் துப்பாத குறையாகச் சொன்னாள். "அவளின்ரை நினைவுக்காக அதே கப்பல், அதே அறையாம். நாசமறுவான்!"

"அது ஊருக்குச் சொல்லுற கதை," என்றாள் பூரணி. "உண்மையிலை திவசத்துக்கு வந்திருக்கிறான். கன்னியாவிலை இண்டைக்குச் செய்யவேணும் எண்டு சிவபாதக் குருக்களுக்கு ஒரு மாதத்துக்கு முந்தியே டெலிபோன் எடுத்திட்டான். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவனாம்."

"பிறகு எப்பிடி எங்களுக்குத் தெரிஞ்ச?"

"திவசமெண்டால் கூடப்பிறந்தவை வராமலோ? குருக்கள் வழமைப்படி அக்காவைக் கண்டு, பஞ்சமிக்கு வாறியள்தானே எண்டு கேட்டிருக்கிறார். அங்கைதான் பிடி கிடைச்சது."

"பஞ்சமியில என்ன பிடி?"

"எங்கடை ஆக்களுக்குத் திவசம் தேதிப்படி இல்லை, திதிப்படி. உயிர் போன நேரம் எந்தத் திதியோ, அடுத்த வருஷம் அதே திதியிலைதான் குடுக்கவேணும். பிழையான திதியிலை குடுத்தால் செத்த ஆளுக்குப் போய்ச்சேராது எண்டு நம்பிக்கை. அவன் சொன்னபடி அண்டு நடுச்சாமம் விழுந்தவளெண்டால் அது சஷ்டி. கப்பல் இஞ்சை நிண்ட பகல்தான் பஞ்சமி."

ஸஹாப்தீன் தலையைச் சொறிந்தான். "கப்பல் இண்டைக்கு மட்டும்தானே நிக்குது. அதால இண்டைக்குச் செய்யிறன் எண்டு சொல்லிட்டாரெண்டா?"

"சொல்லலாம். அதாலைதான் இன்ஸ்பெக்டர் ஜவ்பரும் கையை விரிச்சவர். நடுக்கடலிலை நடந்தது தன்ரை எல்லை இல்லையாம். இந்த மண்ணிலை நடந்தது எண்டு அவன்ரை வாயாலை ஒரு சொல்லு வந்தால் பிடிக்கிறன் எண்டார். கப்பல் பின்னேரம் வெளிக்கிடுது. அதுக்குள்ளை அந்தச் சொல்லு வரவேணும்."

வராவிட்டால்? அன்னலட்சுமி மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தாள். வராவிட்டால் என்ன செய்வதென்று அவள் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தாள். பைக்குள், பழைய சீலைத்துண்டில் சுற்றி, மீன் வெட்டும் கத்தி இருந்தது. போன வருஷம் மலருக்காக நண்டின் காலை உடைத்ததும் அதே கத்திதான்.

சந்திக் காவலரணில் ஓட்டோவை மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்து, பையைக் காட்டச் சொன்னான். ஐயோ, கெட்டது குடி! அவன் கையை விட்டான், சீலைத்துண்டை எடுத்தான், பிரித்தான்.

உள்ளே ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம்.

"ஹரி, யன்ன," என்று அவன் சிரித்துக்கொண்டே ஒரு பழத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஓட்டோ நகர்ந்தது. அன்னலட்சுமி ஸஹாப்தீனின் பிடரியையே முறைத்தாள். அவன் சீட்டியடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினான்.

"எடுத்தது நீதானே தம்பி?"

"காலையில என்ட வீட்டில நீங்க தேத்தண்ணி குடிச்ச நேரம் அக்கா. கத்தி என்ட வீட்டு அம்மிக்குப் பக்கத்தில பத்திரமா இரிக்கி. அவனைக் குத்திட்டு நீங்க மறியலுக்குப் போனா, மலர் தங்கச்சிக்காகக் கதைக்க ஆர் இரிக்கிற?"

"உன்னை நான் பிறகு பாக்கிறன்," என்றாள் அன்னலட்சுமி. கண் கலங்கிப் போனது. அதற்கும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

கன்னியாவில் அன்று கூட்டம் குறைவு. சிறு மதில்களுக்குள் ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். முதல் கிணற்றடியில் தடித்த மனிதர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு குளித்துக்கொண்டிருந்தார். நாரிப்பிடிப்புக்கு வைத்தியமாம். ஊரில் உள்ள கள்ளரெல்லாம் கண்டால் ஓடுகிற இன்ஸ்பெக்டர் ஜவ்பர் இந்தக் கோலத்தில் இருப்பார் என்று ஆர் கண்டது?

"பொலிஸ் மூளையை நல்லாக் கழுவுது," என்று ஸஹாப்தீன் முணுமுணுத்தான். பூரணி அவன் காலை மிதித்தாள்.

அன்னலட்சுமி முந்தானையால் முக்காடு போட்டு, குளிக்க வந்த பெண்களுக்கு நடுவில் மதிலோரம் குந்திக்கொண்டாள். பத்தடி தள்ளி, மர நிழலில் வாழையிலை விரித்து, எள்ளும் தர்ப்பையும் பிண்டமும் பரப்பி, சிவபாதக் குருக்கள் உட்கார்ந்திருந்தார். எதிரே தவபாலன். பூப்போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டி உடுத்தியிருந்தான். ஆனால் டோக்கனை மட்டும் வேட்டி மடியில் பத்திரமாக முடிந்து வைத்திருந்தான், திரும்பிப் போகவேண்டுமே!

குருக்களிடம் பூரணி நேற்றே பேசியிருந்தாள். பொய் சொல்லச் சொன்னால் செருப்பில்லாமல் நடந்தே வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார் மனிதர். "பொய் வேண்டாம் ஐயா. வழமையாய் என்ன கேப்பியளோ, அதை விடாமல் கேளுங்கோ, அது காணும்," என்றாள் பூரணி.

தொம்! இன்ஸ்பெக்டர் வாளியைக் கிணற்றுக்குள் போட்டார்.

தவபாலன் தூக்கிவாரிப் போட்டவனாகத் திரும்பினான். பிறகு சமாளித்துக்கொண்டு கையிலிருந்த எள்ளைப் பார்த்தான். மறுபடியும் தொம்! மறுபடியும் துடித்தான்.

"கண்டியளோ அக்கா?" என்று பூரணி காதுக்குள் சொன்னாள். "பெண்சாதியை விழுங்கின கடலிலை கிழமைக்கணக்காய்க் கப்பலிலை வாறான், பயமில்லை. ஒரு வாளிச் சத்தத்துக்கு நடுங்குறான்."

அன்னலட்சுமி முக்காட்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

குருக்கள் தர்ப்பை மோதிரத்தை நீட்டினார். பிறகு, கை நடுவழியில் நின்றது.

"தம்பி, ஒரு சின்ன விசயம். பஞ்சமி எண்டு சொன்னனீங்கள். ஆனால் போன வருஷம் அண்டைக்குப் பொழுதுபடேக்கை பஞ்சமி முடிஞ்சு சஷ்டி பிறந்திட்டுது. உயிர் பிரிஞ்சது பொழுதுபட முந்தியோ, பிந்தியோ?"

தவபாலன் விழித்தான். "ஏன் ஐயா? பஞ்சமி எண்டு சொன்னால் காணாதோ?"

"காணாது. பிந்தியெண்டால் சஷ்டித் திதி. நாளைக்குத்தான் குடுக்கவேணும். இண்டைக்குக் குடுத்தால் அந்தப் பிள்ளைக்குப் போய்ச்சேராது. அது பசியோடைதான் அலையும்."

"நாளைக்கு ஏலாது ஐயா, கப்பல் போயிடும்."

"கப்பலுக்காகத் திதி மாறுமோ தம்பி? அப்ப இண்டைக்குச் செய்து பிரயோசனம் இல்லை." குருக்கள் எள்ளுப் பேணியை மூடப்போனார்.

"பொறுங்கோ! பொறுங்கோ ஐயா!" தவபாலன் குருக்களின் கையை எட்டிப் பிடித்தான். "முந்தித்தான். பொழுதுபட முந்தித்தான்."

"நிச்சயமோ? ஊகத்திலை சொல்லப்படாது."

"நிச்சயம் ஐயா. எனக்குத் தெரியும். வெயில் இருந்தது."

சொல்லிவிட்டான்! சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவனுக்கே கேட்டது. கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றுபோனது.

பூரணி மர நிழலுக்கு வந்தாள். "நடுச்சாமத்திலை, நடுக்கடலிலை வெயிலோ, மிஸ்டர் தவபாலன்?"

"ஆர் நீங்கள்? நான்... நான் குழம்பிப்போனன். இரவுதான். இருட்டு."

"அப்ப சஷ்டி," என்றார் குருக்கள் அமைதியாக. "பிண்டம் இல்லை. எழும்புங்கோ."

"இல்லை ஐயா! பஞ்சமிதான், ஐயா, பஞ்சமிதான்!"

ஊருக்கு ஒரு கதை சொல்லலாம், பொலிசுக்கு ஒரு கதை சொல்லலாம். செத்தவளுக்கு மட்டும் பொய் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவள் பசியோடு அலைந்தால் யாரிடம் வருவாள் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்னலட்சுமி முக்காட்டை உதறிவிட்டு எழும்பினாள். கை தானாகப் பைக்குள் போனது. வாழைப்பழம்தான் தட்டுப்பட்டது. சீ என்று பையை எறிந்துவிட்டு, போன வேகத்தில் பிண்டம் வைத்திருந்த வாழையிலையை அவன் முன்னாலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"மச்சாள்..." அவன் முகம் வெளிறியது.

"என்னை மச்சாள் எண்டு சொல்லாதை! என்ரை தங்கச்சி எங்கை? அதைச் சொல்லாமல் இந்தப் பிண்டம் தண்ணிக்குப் போகாது. இண்டைக்கும் போகாது, வாற வருஷமும் போகாது. ஒருத்தரையும் குடுக்க விடமாட்டன். அவள் உன்ரை வீட்டு வாசலிலைதான் வந்து நிப்பாள். நிக்கட்டும்!"

தொம்! இன்ஸ்பெக்டர் ஜவ்பர் வாளியைக் கை நழுவவிட்டார். தவறுதலாகத்தான் என்று பின்னாளில் சத்தியம் செய்தார்.

தவபாலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். "நிப்பாட்டச் சொல்லுங்கோ! ஒரு வருஷமாய் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் இந்தச் சத்தம்தான்... கிணத்துக்குள்ளை விழுற சத்தம்..."

"எந்தக் கிணறு?"

"இறக்கக்கண்டி. உங்கடை அப்பாவின்ரை வளவு."

எண்பத்தைந்தில் அடித்துத் துரத்தப்பட்டுக் கைவிட்டு வந்த வளவு. நாயுருவியும் விளாத்தியும் மண்டிக் கிடக்கிறது. அங்கே யாரும் போவதில்லை, கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதுமில்லை.

"பிறந்த வளவைப் பாக்கவேணும் எண்டு நிண்டாள்," என்று அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். "வாடகை மோட்டார்சைக்கிளிலை கூட்டிக்கொண்டு போனனான். கிணத்துக்கட்டிலை இருந்துகொண்டு தன்ரை டோக்கனை எடுத்து என்ரை கையிலை வைச்சாள். இதை நீங்களே குடுங்கோ, நான் வரேல்லை, அக்காவோடை நிண்டிடப் போறன் எண்டாள். எவ்வளவு சொல்லியும் கேக்கேல்லை. நான் நிக்கிறன், நான் நிக்கிறன் எண்டு ஒரே சொல்லு. எனக்குக் கோபம்... தள்ளிப்போட்டன்."

"தள்ளிவிட்டு ரெண்டு டோக்கனையும் பெட்டிக்குள்ள போட்டிட்டீங்க," என்றான் ஸஹாப்தீன். முதல் தடவையாக அவன் குரலில் பகிடி இல்லை. "டோக்கன் சரி. கப்பலும் போச்சு."

அக்காவோடு நிற்கப் போகிறேன் என்றாளாம். நண்டு ஆறிக்கொண்டிருந்த நேரம், படலையடியில் இவள் நின்ற அதே நேரம், அவள் அங்கே அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்னலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமாக அழாத அழுகை முழுக்க வந்தது.

ஜவ்பர் நுரைத் தலையோடு வந்து, அவனுடைய தோளில் கையை வைத்தார். "இறக்கக்கண்டி என்ட எல்லைதான் மிஸ்டர்." மடியைச் சோதித்து, டோக்கனை எடுத்து மதிலில் வைத்தார். மஞ்சள் நிறத்தில், வட்டமாக, ஒரு சோடா மூடியளவுதான் இருந்தது அது.

அன்னலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய அழுகை நின்றுவிட்டது.

"தம்பி ஸஹாப்தீன். இந்த டோக்கன் போகாட்டில் கப்பல் நிக்கும், என்ன?"

"நிக்கும் அக்கா. ஆளைத் தேடுவாங்க. கனடாக்காரங்க வருவாங்க, லோயர்மார் வருவாங்க."

"போனால்?"

ஸஹாப்தீன் பூரணியைப் பார்த்தான். பூரணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். ஜவ்பர் அவசரமாக ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடினார்.

"எனக்குக் கண்ணுக்குள்ள சவர்க்காரம்," என்றார். "ஒண்டும் தெரியல்ல."

மறு நிமிஷம் டோக்கனோடு ஸஹாப்தீனின் ஓட்டோ புழுதி கிளப்பிக்கொண்டு துறைமுகத்தை நோக்கிப் பறந்தது.

இறக்கக்கண்டியில் வேலை அதிகமில்லை. கிணற்றின் மேலே போட்டிருந்த காய்ந்த ஓலைகளை விலக்கினார்கள். இறங்கிய பொலிஸ்காரர் மேலே அனுப்பிய முதல் வாளியிலேயே இரண்டு கண்ணாடி வளையலும் ஒரு வெள்ளிக் கால்மோதிரமும் வந்தன. அன்னலட்சுமி அவற்றை முந்தானையில் துடைத்து மடியில் முடிந்துகொண்டாள். கேட்டு வாங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பொழுதுபட இன்னும் நேரமிருந்தது. பஞ்சமி முடியவில்லை. சிவபாதக் குருக்கள் கடற்கரை மணலில் புது இலை விரித்தார். தர்ப்பை மோதிரத்தை எடுத்தவர், யாருக்குப் போடுவது என்று கேட்கவில்லை. நேரே அன்னலட்சுமியின் விரலில் போட்டார். வழமை அப்படி இல்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, தங்கச்சியின் பேரைச் சொல்லிப் பிண்டத்தைக் கடலில் விட்டாள்.

அப்போதுதான் தெற்கே, முனையைச் சுற்றிக்கொண்டு வெள்ளைக் கப்பல் வெளிக்கிட்டு வந்தது. மேல்தட்டெல்லாம் கொடி கட்டி, பாட்டும் கூத்துமாக ஒலிவியா மாரிஸ் ஆழக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு டோக்கனும் குறையவில்லை, தவபாலனுடையது உட்பட.

ஜீப்புக்குப் பக்கத்தில் கைவிலங்கோடு நின்ற தவபாலன் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்தான். அன்னலட்சுமி நனைந்த சேலையோடு கரையேறி, அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவள் நிக்கிறன் எண்டதுக்குத்தானே தள்ளினாய்? இப்ப நீ நில்லு."

பிறகு கப்பலைக் கைகாட்டினாள்.

"அந்தா, வடிவாய்ப் பார். நீ போறாய்."